அடி, மிரட்டல், பூட்டிய அறை: ஆள்மீதான அத்துமீறல் வினாவுக்கு விடை எழுத முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்துச் சட்டப் படிப்பில், தீங்கியல் சட்டத் (tort: ஒருவர் இன்னொருவருக்குச் செய்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் சட்டம்) தாளில், நீளமான ஒரு கதையைக் கொடுத்து 'யார் யார்மீது வழக்குப் போடலாம்?' என்று கேட்பார்கள். கொழும்பில் இருந்தபடி லண்டன் பல்கலைக்கழக எல்.எல்.பி. எழுதுபவருக்கும் லீட்ஸில் வகுப்பில் உட்கார்ந்து படிப்பவருக்கும் வருவது ஒரே மாதிரிக் கதைதான். வழக்குகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள்கூட இதில் மதிப்பெண் இழப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பெரும்பாலும் காரணம் வரிசைதான். காயத்தில் தொடங்குகிறார்கள், நடுவில் தற்காப்புக்குத் தாவுகிறார்கள், கடைசியில் பேட்டரிக்கு (battery: ஒருவரை நியாயமில்லாமல் தொடுவது அல்லது அடிப்பது) வருகிறார்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையைப் பற்றியது.

கையில் ஒரு கதை இருந்தால் வசதி. இதை வைத்துக்கொள்வோம்.

எம்மா ஒரு மாணவி. சூப்பர் மார்க்கெட்டில் பணம் கட்டிவிட்டு வெளியே வருகிறாள். அவள் திருடிவிட்டாள் என்று நினைத்த காவலாளி டான், அவள் கையை இறுகப் பிடித்து, "உள்ளே வா, இல்லையென்றால் கையை உடைத்துவிடுவேன்" என்கிறான். மேலாளர் அறையில் உட்கார வைத்துச் சத்தமில்லாமல் கதவைப் பூட்டுகிறான். எம்மா போனில் மூழ்கியிருந்ததால் பூட்டியது தெரியவில்லை. 20 நிமிடம் கழித்து ரசீதைப் பார்த்துவிட்டு அனுப்புகிறார்கள். வெளியே அவள் நண்பன் லூக், டானைக் குறிவைத்துப் பாட்டிலை வீசுகிறான். டான் குனிந்துவிட, அது வழியில் போன மார்கரெட்டின் தோளில் படுகிறது. டான் லூக்கைத் தள்ளி விழவைத்து, விழுந்து கிடப்பவனை இரண்டு முறை உதைக்கிறான். மறுநாள் லூக் டானின் மனைவிக்குப் போன் செய்து, டான் விபத்தில் சாகக் கிடப்பதாகப் பொய் சொல்கிறான். அதிர்ச்சியில் அவருக்கு மனநோய் வந்துவிடுகிறது.

1. பேனா எடுக்குமுன் தயாராக இருக்க வேண்டியவை

ஆள்மீதான அத்துமீறல் மூன்று வகை. அந்த மூன்று வரையறைகள் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். பேட்டரி என்பது சட்டப்படி நியாயமில்லாத பலத்தை இன்னொருவர் உடல்மீது செலுத்துவது. அசால்ட் என்பது அப்படிப்பட்ட பலம் இதோ இப்போதே தன்மீது விழப்போகிறது என்று ஒருவரை எதிர்பார்க்க வைப்பது. சட்டவிரோதச் சிறைவைப்பு என்பது ஒருவர் ஓரிடத்தை விட்டு நகரும் சுதந்திரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக முடக்குவது. மூன்றையும் கிட்டத்தட்ட இதே வடிவில் காலின்ஸ் எதிர் வில்காக் (1984) தீர்ப்பில் ராபர்ட் காஃப் நீதிபதி ஒரே இடத்தில் தந்திருக்கிறார். அந்த ஒரு தீர்ப்பை முழுதாகப் படித்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றும் மனதில் இருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் காயமோ நஷ்டமோ நிரூபிக்கத் தேவையில்லை. உடலின் மீதும் நடமாட்டத்தின் மீதும் ஒருவருக்கு உள்ள உரிமை மீறப்பட்டதே போதும். 'எம்மாவுக்குக் காயம் எதுவும் இல்லை, எனவே வழக்கு இல்லை' என்று எழுதினால் அங்கேயே விடை சரிந்துவிடும். காயம் கடைசியில், இழப்பீடு பேசும்போதுதான் வரும்.

2. கதையை ஜோடிகளாக வெட்டுங்கள்

ஒரு வாதி, ஒரு பிரதிவாதி, ஒரு செயல். இதுதான் ஒரு துண்டு. நம் கதையில் எம்மா எதிர் டான் மட்டுமே மூன்று துண்டு: கையைப் பிடித்தது, மிரட்டியது, பூட்டியது. பிறகு மார்கரெட் எதிர் லூக், டான் எதிர் லூக், லூக் எதிர் டான், டானின் மனைவி எதிர் லூக்.

'டான் செய்தது தவறு' என்று மொத்தமாக எழுதினால் தேர்வாளருக்கு எதற்கு மதிப்பெண் போடுவது என்று தெரியாது. தள்ளியது ஒரு செயல், கீழே கிடந்தவனை உதைத்தது வேறு செயல். முதலாவதற்குத் தற்காப்பு பொருந்தலாம், இரண்டாவதற்குப் பொருந்தாமல் போகலாம். சேர்த்து எழுதினால் அந்த வித்தியாசம் காணாமல் போகும்.

அதிகம் விட்டுப்போகிற ஜோடி டான் எதிர் லூக். பாட்டில் அவன்மேல் படவில்லையே என்று தாண்டிவிடுகிறார்கள். ஆனால் வருவதைப் பார்த்துத்தானே குனிந்தான்? அது அசால்ட்.

3. ஒவ்வொரு துண்டிலும் முதல் கேள்வி: வேண்டுமென்று செய்ததா?

இதை முதலில் கேட்கக் காரணம், பதில் 'இல்லை' என்றால் நீங்கள் இருக்க வேண்டியது வேறு அத்தியாயம். லெட்டாங் எதிர் கூப்பர் (1965) வழக்கில், கார்ன்வாலில் ஒரு ஹோட்டல் கார் நிறுத்துமிடத்தின் புல்லில் வெயில் காய்ந்துகொண்டிருந்த பெண்ணின் கால்கள்மீது ஒரு ஜாகுவார் கார் ஏறிவிட்டது. ஓட்டியவர் கவனிக்கவில்லை. அலட்சியத்துக்கான மூன்று ஆண்டுக் காலக்கெடு முடிந்துவிட்டதால் அந்தப் பெண் அத்துமீறல் என்று வழக்குப் போட்டார். நீதிபதி டென்னிங் பிரபு மறுத்தார்: வேண்டுமென்று செய்தால் அத்துமீறல், கவனக்குறைவென்றால் அலட்சியம்.

எதை வேண்டுமென்று செய்ய வேண்டும் என்பதில்தான் குழப்பம். தொடுதலை வேண்டுமென்று செய்தால் போதும், காயப்படுத்தும் எண்ணம் இருக்கத் தேவையில்லை. டான் எம்மாவின் கையைப் பிடிக்க நினைத்தான், பிடித்தான். 'வலிக்கட்டும் என்று அவன் நினைக்கவில்லை' என்பதெல்லாம் இங்கே தேவையில்லாத பேச்சு.

மார்கரெட்? லூக் குறிவைத்தது டானை. குறி தவறினாலும் எண்ணம் கூடவே போகிறது. வட அயர்லாந்தில் லிவிங்ஸ்டன் எதிர் பாதுகாப்பு அமைச்சகம் (1984) இதை ஏற்றது, கொசோவோவில் பிரிட்டிஷ் வீரர்கள் சுட்டது பற்றிய பிச்சி வழக்கில் (2004) இங்கிலாந்து நீதிமன்றமும் ஏற்றது. பேட்டரிக்குத்தான் இது பொருந்தும். அதே பிச்சி தீர்ப்பில் அசால்ட்டுக்கு இப்படி எண்ணத்தை இடம் மாற்ற முடியாது என்று சொல்லப்பட்டதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மார்கரெட் பாட்டில் வருவதைப் பார்த்து நடுங்கியிருந்தாலும் அவருக்குக் கிடைப்பது பேட்டரி மட்டும்தான்.

4. பேட்டரி: தொடுதல், அது வரம்புக்குள் இருந்ததா

பலம் என்றால் குத்து, உதை என்று நினைக்க வேண்டாம். காலின்ஸ் வழக்கிலேயே நடந்தது ஒரு பெண் போலீஸ் இன்னொரு பெண்ணின் கையைப் பிடித்தது மட்டும்தான். கைது செய்யும் அதிகாரத்தை அவர் பயன்படுத்தவில்லை, பேச வேண்டும் என்பதற்காக நிறுத்திப் பிடித்தார். அது பேட்டரி ஆயிற்று.

அப்படியானால் பேருந்தில் இடிப்பதும் பேட்டரியா? இல்லை. அன்றாட வாழ்வில் எல்லோரும் ஏற்றுக்கொள்கிற தொடுதல்களுக்குப் பொதுவான விலக்கு உண்டு. கவனத்தைத் திருப்ப ஒருவர் தோளைத் தட்டலாம், பிடித்து நிறுத்தக் கூடாது. டான் செய்தது இரண்டாவது வகை. கையை 'இறுகப்' பிடித்தான் என்று கதையில் ஒரு சொல் சும்மா வராது. அதை விடையில் எடுத்து வையுங்கள்.

இங்கே வில்சன் எதிர் பிரிங்கிள் (1987) வரும். பள்ளிப் பையன் ஒருவன் இன்னொருவன் தோளில் இருந்த பையை இழுத்த வழக்கு. தொடுதலில் 'பகைமை' வேண்டும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். ரீ எஃப் (1990) வழக்கில் காஃப் பிரபு (மேலே வந்த அதே ராபர்ட் காஃப்) அதைச் சந்தேகித்தார்: எல்லை மீறிய விளையாட்டிலோ, நட்பு மிகுந்து முதுகில் தட்டுவதிலோ, நோயாளி ஒப்பினார் என்று தவறாக நினைத்துச் செய்த அறுவை சிகிச்சையிலோ பகைமை எங்கே இருக்கிறது? என் கணக்கில் இரண்டு வரி போதும். பகைமை பற்றி ஒரு பக்கம் எழுதி நேரத்தைத் தொலைப்பவர்கள் நிறைய.

5. அசால்ட்: 'உடனே' என்ற சொல்லைச் சோதியுங்கள்

பயந்தாரா என்று கேட்க வேண்டாம். அடி விழும் என்று எதிர்பார்க்க நியாயம் இருந்ததா என்று கேளுங்கள். ஆறடி குத்துச்சண்டை வீரருக்குப் பயமே இல்லாமல் இருக்கலாம், அவருக்கும் அசால்ட் வழக்கு உண்டு.

உடனடித்தன்மைக்கு எதிரெதிராக இரண்டு வழக்குகளை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீவன்ஸ் எதிர் மையர்ஸில் (1830) ஊர்க்கூட்டத்தில் ஒருவர் முஷ்டியை மடக்கிக்கொண்டு தலைவரை நோக்கிப் பாய்ந்தார், எட்டுவதற்குள் மற்றவர்கள் தடுத்துவிட்டார்கள். அசால்ட்தான். தாமஸ் எதிர் தேசியச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் (1986) வழக்கில் மறியல்காரர்கள் கத்தி மிரட்டினாலும், வேலைக்குப் போனவர்கள் வாகனத்துக்குள், போலீஸ் காவலுக்குப் பின்னால் இருந்தார்கள். அசால்ட் இல்லை.

வெறும் சொல்லே அசால்ட் ஆகுமா என்ற பழைய கேள்விக்கு ஆர் (அரசு) எதிர் அயர்லாந்து (1998; அயர்லாந்து என்பது குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர்) பதில் சொல்லிவிட்டது: ஆகலாம், மௌனமான போன் அழைப்புகூட ஆகலாம். அது குற்றவியல் வழக்கு. வரையறைக்கு அதைக் காட்டலாம்.

டான் சொன்னதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: வா, இல்லையென்றால் உடைப்பேன். சொல்லே மிரட்டலைக் கரைத்துவிடும் இடம் டூபர்வில் எதிர் சாவேஜ் (1669). வாளில் கைவைத்தவர், நீதிபதிகள் ஊரில் இல்லாதிருந்தால் இந்தப் பேச்சைப் பொறுத்திருக்க மாட்டேன் என்றார். நீதிபதிகள் ஊரில் இருந்தார்கள், எனவே இப்போது அடிக்கப்போவதில்லை என்பதே அதன் பொருள். நம் கதை அப்படியல்ல. ரீட் எதிர் கோக்கரில் (1853) ஆட்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சூழ்ந்துகொண்டு, 'போகாவிட்டால் கழுத்தை உடைப்போம்' என்றார்கள். அசால்ட் ஆயிற்று. எம்மாவுக்கு அதுதான் வழக்கு. நிபந்தனை இருக்கிறது என்று கண்டதும் டூபர்வில்லை எழுதிவிடுவது கண்ணில் அடிக்கடி படும் பிழை.

6. சிறைவைப்பு: நான்கு பக்கமும் அடைபட்டதா

பேர்ட் எதிர் ஜோன்ஸில் (1845) ஹாமர்ஸ்மித் பாலத்தின் ஒரு பகுதியைப் படகுப் போட்டி பார்க்க வருபவர்களுக்காக அடைத்திருந்தார்கள். உள்ளே ஏறிய வாதியை முன்னே போக விடவில்லை, திரும்பிப் போகத் தடையில்லை. சிறைவைப்பு இல்லை என்றது நீதிமன்றம். ஒரு வழி மூடியது போதாது, நியாயமான வேறு வழியே இருக்கக் கூடாது. எம்மா இருந்த அறையின் கதவு பூட்டியிருந்தது. பின்கதவு உண்டா என்று கதை சொல்லாவிட்டால், 'வேறு வழி இல்லை என்று கொண்டால்' என்று எழுதிவிட்டு நகருங்கள்.

சுவர் இருந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. ஜல்லோ வழக்கில் (2020) ஒருவரை இரவு 11 முதல் காலை 7 வரை வீட்டில் இருக்கச் சொன்ன ஊரடங்கை, பூட்டே இல்லாதபோதும், உச்ச நீதிமன்றம் சிறைவைப்பு என்றது. மீறினால் தண்டனை என்ற அச்சமே போதுமானதாக இருந்தது.

பூட்டியது எம்மாவுக்குத் தெரியாதே? தெரிய வேண்டியதில்லை. மீரிங் எதிர் கிரஹாம்-வைட் (1919) வழக்கில் வெளியே காவல் நின்றது வாதிக்குத் தெரியாது, ஆனாலும் சிறைவைப்பு. மர்ரே எதிர் பாதுகாப்பு அமைச்சகத்தில் (1988) அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை அதை உறுதிசெய்தது. கூடவே ஒரு குறிப்பும் வைத்தது: தெரியாமல், தீங்கும் இல்லாமல் அடைபட்டவருக்குப் பெயரளவு இழப்பீடுதான் கிடைக்கும். இந்த இரண்டாம் பாதியையும் எழுதினால்தான் பதில் முழுமை.

நல்லெண்ணம் இங்கே உதவாது. எவான்ஸ் வழக்கில் (2001) சிறை ஆளுநர் அன்றைய தீர்ப்புகளின்படியே விடுதலைத் தேதியைக் கணக்கிட்டார். பிறகு அந்தக் கணக்கே தவறு என்றாயிற்று, 59 நாள் அதிகமாக இருந்த கைதிக்கு 5,000 பவுண்டு கிடைத்தது.

7. இப்போதுதான் எதிர்வாதம்

கூறுகள் எல்லாம் நிரூபணமான பிறகே எதிர்வாதத்துக்கு வாருங்கள். முன்பே கொண்டுவந்தால், எதற்கு எதிராக வாதாடுகிறோம் என்பதே தெளிவாக இருக்காது.

டான் நாடப்போவது குடிமகன் கைது செய்யும் அதிகாரம்: 1984-ஆம் ஆண்டு போலீஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம், பிரிவு 24ஏ. இதில் ஒரு பொறி இருக்கிறது. போலீஸ்காரருக்குப் பிரிவு 24-இன் கீழ் நியாயமான சந்தேகம் போதும். சாதாரண ஆளுக்கு, குற்றம் நடந்து முடிந்த பிறகு பிடிப்பதென்றால், குற்றம் உண்மையிலேயே நடந்திருக்க வேண்டும். ஆர் எதிர் செல்ஃப் (1992) வழக்கில் கடையில் சாக்லேட் எடுத்ததாகப் பிடிக்கப்பட்டவர் திருட்டிலிருந்து விடுதலை ஆனார். அதோடு அவரைக் கைது செய்யும் அதிகாரமும் இல்லாமல் போயிற்று. எம்மா பணம் கட்டிவிட்டாள். டானின் சந்தேகம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அந்த வழி மூடிவிடும். 'நடந்துகொண்டிருக்கிறது' என்று நியாயமாகச் சந்தேகித்தேன் என அவன் வாதாடலாம். அப்போதும் போலீஸ் வந்து கைது செய்வது நடைமுறையில் சாத்தியமில்லை என்பதையும், ஓடிப்போவது போன்ற ஆபத்து இருந்ததையும் காட்ட வேண்டும்.

லூக்கைத் தள்ளியதற்குத் தற்காப்பு. ஆஷ்லி எதிர் சசெக்ஸ் காவல்துறைத் தலைவர் (2008) இங்கே கட்டாயம். குற்றவியல் வழக்கில் தவறான நம்பிக்கை நேர்மையானதாக இருந்தால் போதும். உரிமையியல் வழக்கில் நேர்மையோடு நியாயமானதாகவும் இருக்க வேண்டும், நிரூபிக்கும் சுமையும் பிரதிவாதிமீதுதான். குற்றவியல் தாளில் படித்ததை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டுபவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்.

உதைத்ததற்கு? லேன் எதிர் ஹாலோவே (1968): 64 வயதுக்காரர் 23 வயது இளைஞரின் தோளில் லேசாகக் குத்தினார், பதிலுக்குக் கண்ணில் பலத்த அடி வாங்கினார். தாக்குதலுக்கும் பதிலடிக்கும் பொருத்தமே இல்லை என்று தற்காப்பு தோற்றது. விழுந்து கிடப்பவனை உதைப்பது அதைவிட மோசம். 'லூக்தானே ஆரம்பித்தான், இழப்பீட்டைக் குறைக்கலாம்' என்பதும் செல்லாது. கோ-ஆபரேட்டிவ் குரூப் எதிர் பிரிட்சர்ட் (2011) தீர்ப்பின்படி அசால்ட், பேட்டரி வழக்குகளில் வாதியின் பங்குத் தவறு என்ற வாதமே கிடையாது.

மருத்துவமனைக் கதை வந்தால் முக்கிய எதிர்வாதம் சம்மதம். சிகிச்சையின் பொதுவான தன்மையைச் சொல்லி ஒப்புதல் வாங்கியிருந்தால் பேட்டரி இல்லை. அபாயங்களைச் சொல்லாதது அலட்சியத்தில் போகும் (சாட்டர்டன் எதிர் கெர்சன், 1981). மாறாக, சுயநினைவுள்ள நோயாளி வேண்டாம் என்ற பிறகும் செயற்கைச் சுவாசத்தைத் தொடர்ந்ததற்கு 2002-இல் 'மிஸ் பி' (Ms B) வழக்கில் 100 பவுண்டு பெயரளவு இழப்பீடு. உயிரைக் காப்பாற்றியதுகூட எதிர்வாதம் ஆகவில்லை.

8. தொடாமலே செய்த தீங்கு

டானின் மனைவிக்கு அத்துமீறலின் மூன்றில் எதுவும் பொருந்தாது. யாரும் தொடவில்லை, அடிப்பதாகச் சொல்லவில்லை, அடைக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் வில்கின்சன் எதிர் டவுன்டனுக்கு (1897) போக வேண்டும். அதில் ஒருவன் விளையாட்டாக, 'உன் கணவர் இரண்டு காலும் உடைந்து லேட்டன்ஸ்டோனில் கிடக்கிறார்' என்றான். அந்தப் பெண் நோயில் விழுந்தார், 100 பவுண்டு கிடைத்தது.

இன்றைய சோதனை ரோட்ஸ் எதிர் ஓபிஓ (2015) தீர்ப்பில் இருக்கிறது. வாதியை நோக்கிய, நியாயமில்லாத சொல் அல்லது செயல். உடல் தீங்கையோ கடுமையான மன வேதனையையோ உண்டாக்கும் எண்ணம். அதன் விளைவாக உடல் தீங்கு அல்லது மருத்துவம் ஏற்கிற மனநோய். எண்ணம் நிஜமாகவே இருக்க வேண்டும், அசட்டை போதாது. மூன்றாவது கூறுக்கு வெறும் அழுகையும் தூக்கமின்மையும் போதாது. நம் கதையில் 'மனநோய்' என்றே இருப்பதால் தாண்டிவிடலாம்.

1997-ஆம் ஆண்டுத் தொல்லைத் தடுப்புச் சட்டத்தை இங்கே எழுத ஆசை வரும். அதற்கு ஒரே நபரிடம் குறைந்தது இரண்டு தடவை நடந்திருக்க வேண்டும். ஒரு போன் அழைப்பு போதாது. ஒரு வரியில் சொல்லி விலக்குங்கள்.

9. பணம் யாரிடம், எவ்வளவு, எதுவரை

காவலாளியிடம் பணம் இருக்காது. அதனால் சூப்பர் மார்க்கெட்டையும் சேர்க்க வேண்டும். டான் அவர்கள் ஊழியனா, காவல் நிறுவனம் அனுப்பியவனா என்பது முதல் கேள்வி. செயல் அவன் வேலையோடு நெருங்கிய தொடர்புள்ளதா என்பது இரண்டாவது. பெட்ரோல் பங்க் ஊழியர் வாடிக்கையாளரை அடித்த மொஹமுத் வழக்கில் (2016) பங்கை நடத்திய மாரிசன்ஸ் நிறுவனம் பொறுப்பாயிற்று. அதே நிறுவனம் பற்றிய 2020 தீர்ப்பில், சொந்தப் பகை தீர்க்கும் செயலுக்கு முதலாளி பொறுப்பல்ல என்று கோடு போட்டார்கள். எம்மாவைப் பிடித்தது வேலைக்குள் வரும். லூக்கை உதைத்தது வேலையா, கோபமா என்று இரண்டு பக்கமும் வாதாடலாம்.

அவமானத்துக்குக் கூடுதல் இழப்பீடு கேட்கலாம். தண்டனை இழப்பீடு (பிரதிவாதியைத் தண்டிப்பதற்கான தொகை) மட்டும் கேட்டுவிடாதீர்கள். ரூக்ஸ் எதிர் பர்னார்ட் (1964) வகுத்த வகைகளில் அரசு அதிகாரத்தின் அடாவடி ஒன்று, லாபம் பார்க்கச் செய்த தவறு இன்னொன்று, சட்டமே அனுமதிப்பது மூன்றாவது. கடைக் காவலாளி எதிலும் இல்லை. டானின் இடத்தில் போலீஸ்காரர் இருந்தால் கதை வேறு.

காலக்கெடுவைப் பெரும்பாலோர் எழுதுவதே இல்லை. 1980-ஆம் ஆண்டுக் காலக்கெடுச் சட்டப்படி, காயமில்லாத சிறைவைப்புக்கு ஆறு ஆண்டு. உடல் அல்லது மனக் காயத்துக்கு இழப்பீடு கேட்டால் மூன்று ஆண்டு, அதைத் தளர்த்தப் பிரிவு 33-இன் கீழ் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வேண்டுமென்று செய்த தாக்குதலுக்கும் இதுவே பொருந்தும் என்று ஏ எதிர் ஹோர் (2008) முடிவு செய்தது. எனவே எம்மாவுக்கு ஆறு, லூக்குக்கும் டானின் மனைவிக்கும் மூன்று.

லூக்குக்கு இன்னொரு தடையும் உண்டு. பாட்டில் வீசியதற்காக, சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றத்தில் அவன் தண்டிக்கப்பட்டிருந்தால், அதே சம்பவத்தில் டான் தன்னைத் தாக்கியதற்கு வழக்குப் போட 2003-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம், பிரிவு 329-இன்படி நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். கதையில் தண்டனை பற்றி ஒன்றும் சொல்லாவிட்டாலும், 'தண்டிக்கப்பட்டிருந்தால்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.